திருப்பிச் சொல்லச் சொன்னவர்

மல்லாவிச் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் நானாவின் தேத்தண்ணிக் கடையில், டவர் ஐயா தேத்தண்ணி சொல்வதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வாங்கில் இடம் பிடித்து இருப்பார்கள்.

கடைக்குள் வந்ததும் அவர் உடனே வாய் திறக்க மாட்டார். நானா வேறு யாருடனும் கதைத்துக்கொண்டிருந்தால் அந்தக் கதை முடியும்வரை நிற்பார். முடிந்த பிறகும் மேசையில் மூன்று விரலை ஒவ்வொன்றாகத் தட்டுவார். பிறகுதான் சொல்வார்.

“நானா, ஒரு பிளேன் ரீ. சீனி அரைக் கரண்டி. இஞ்சி வேண்டாம்.”

நானா தலையை ஆட்டிவிட்டுக் கேத்திலைத் தூக்குவார். இவர் நின்ற இடத்திலேயே நிற்பார்.

“இன்னும் ஏன் டவர் ஐயா நிக்கிறீங்க? போய் இருங்க.”

“நீங்கள் திருப்பிச் சொல்லேல்லை.”

“ஒரு பிளேன் ரீ, சீனி அரைக் கரண்டி, இஞ்சி இல்ல. எங்கட உம்மாவுக்குக் கூட நான் இப்பிடிப் பாடம் ஒப்பிச்சதில்ல.”

“கேட்டது சரி,” என்று சொல்லிவிட்டுத்தான் போய் இருப்பார்.

அந்த இரண்டு சொல் அவர் வாயிலிருந்து வந்தால்தான் எந்தக் கதையும் முடிந்தது. அது வராத மட்டும் அவருக்கு ஒன்றுமே நடக்கவில்லை. நீங்கள் சொன்னதும் இல்லை, அவர் கேட்டதும் இல்லை. “பிளேன் இறக்கினவர் வேற என்னத்தைக் குடிப்பார், பிளேன் ரீதான்,” என்று என் ட்ராக்டர் ஓடுகிற சசி ஒவ்வொரு நாளும் அதே பகிடியை விடுவான். அவர் ஒவ்வொரு நாளும் சிரிக்காமல் குடிப்பார்.

டவர் என்று பெயர் வைத்தது ஊர்தான். வெளிநாட்டில், வெயில் எரிக்கிற ஒரு தேசத்தில், ஒரு சின்ன விமான நிலையத்தின் கோபுரத்தில் இருந்து வானத்தில் வருகிற விமானங்களுக்கு ரேடியோவில் வழி சொன்ன மனிதர் அவர். எது இறங்கலாம், எது ஏறலாம், எது பொறுத்து நிற்க வேண்டும் என்று சொல்கிற வேலை. இருபத்தைந்து வருடம் அதைச் செய்துவிட்டு, ஒரு பெட்டியோடும் இரண்டு மணிக்கூட்டோடும் வந்து இறங்கினார். இரண்டையும் ஒரே கையில் கட்டியிருப்பார். ஒன்று எங்கள் நேரம். மற்றது ஐந்தரை மணித்தியாலம் பிந்தி ஓடும். உலகத்தில் எங்கே பறந்தாலும் விமானக்காரர் எல்லாருக்கும் அந்த ஒரே நேரம்தானாம். “இப்ப ஆருக்கு அது தேவை?” என்று கேட்டேன். “ஒருத்தருக்கும் இல்லை அண்ணை. நிப்பாட்ட மனம் வரேல்லை,” என்றார்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சைக்கிளில் விறகு கட்டி விற்றவன். இடப்பெயர்வில் எல்லாம் போய், மெனிக் முகாமில் தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்து, திரும்பி வந்தபோது என்னிடம் இருந்தது ஒரு மண்வெட்டி. இன்றைக்கு எனக்கு ஒரு நெல்லு மில், நாலு ட்ராக்டர், இரண்டு வெட்டு மெசின், ஆற்றுக்கு அங்காலே எண்பது மாடு நிற்கிற பட்டி. கமக்காரர் அமைப்புக்குத் தலைவர் நான். ஒருவனிடமும் கை நீட்டாமல் வந்தவன். படித்தவர்கள் பலர் என் மில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருக்கிறார்கள். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட எனக்கு உரிமை இருக்கிறது.

அந்தப் பெருமையோடு வந்த ஒரு பழக்கமும் இருந்தது. நான் ஒரு தரம்தான் சொல்வேன். எங்கள் பகுதியில் பெரிய மனிதனிடம் திரும்பக் கேட்பது மரியாதை இல்லை. முதலாளி என்ன சொன்னாலும் “ஓம் முதலாளி” என்று சொல்லிவிட்டு வெளியே போய், மற்றவனிடம் “என்னடாப்பா சொன்னவர்?” என்று கேட்பார்கள். நானும் விறகு கட்டிய காலத்தில் என் முதலாளியிடம் அப்படித்தான் நடந்தேன். அதனால் எனக்கு அது பிழையாகத் தெரியவில்லை. ஒரு அறுவடைக்கு என் வெட்டு மெசின்காரன், நான் சொன்ன வயலை விட்டு, பக்கத்தில் பால் முற்றாத வயலை முழுதாக வெட்டிப் போட்டான். “நான் எந்த வயலைச் சொன்னனான்?” என்று கேட்டேன். அவன் நிலத்தைப் பார்த்தபடி, “சரியா விளங்கேல்லை முதலாளி,” என்றான். “அப்ப ஏன் ஓம் எண்டனி?”

அந்தக் கிழமைதான் டவரை மில் கந்தோருக்கு எடுத்தேன். மெசின்களுக்கும் ட்ராக்டர்களுக்கும் தொலைபேசியில் சொல்லி அனுப்புகிற வேலை. அவருக்கு அது பிடித்திருந்தது. ஒரு பழைய கொப்பியை நீள வாட்டில் கோடு போட்டு, எந்த மெசின் எங்கே, எத்தனை மணிக்கு, யார் சொன்னது, யார் திருப்பிச் சொன்னது என்று எழுதினார். கந்தோர் தொலைபேசியில் எல்லாக் கதையும் தானாகப் பதிவாகிற மாதிரியும் செய்தார். “டவரிலயும் இப்பிடித்தான் அண்ணை. எல்லாம் டேப்பில இருக்கும்.”

அதற்குப் பிறகு என் மெசின் ஒரு வயல் மாறி இறங்கவில்லை. ஆனால் ஓட்டுனர்கள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது.

“சசி, வாய்க்கால் கரையில மூண்டாவது வயல். வடக்காலை இறங்கோணும். வரம்பில கிணறு இருக்கு. திருப்பிச் சொல்லும்.”

“ஓம் ஐயா, விளங்கிச்சு.”

“விளங்கினது எனக்கு வேண்டாம் தம்பி. சொன்னதைச் சொல்லும்.”

“மூண்டாவது வயல், வடக்காலை, கிணறு. ஐயா, நான் கலியாணம் கட்டேக்கையும் நீங்கள் பக்கத்தில நிண்டு தாலியைத் திருப்பிக் கட்டச் சொல்லுவியளோ?”

“கேட்டது சரி,” என்பார், பகிடி காதிலேயே விழாத மாதிரி.

கோயில் ஐயரையும் விடவில்லை. திருவிழாக் கூட்டத்தில் அபிஷேக நேரத்தைச் சொல்லிவிட்டு, ஐயரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஐயர் கொஞ்ச நேரம் அந்தரப்பட்டு, மந்திரம் சொல்கிற இராகத்திலேயே நேரத்தைத் திருப்பிச் சொன்னார். கூட்டம் சிரித்தது. டவர் சிரிக்கவில்லை. அந்த முகத்தில் சிரிப்பு வருகிற இடம் எப்போதோ பூட்டிக் கிடந்தது.

வானத்தில் விமானச் சத்தம் கேட்டால் எங்கள் ஆட்கள் இன்றைக்கும் ஒரு நிமிடம் வேலையை நிறுத்துவார்கள். நாங்கள் பதுங்கு குழி தேடி ஓடின சனம். டவருக்கு வேறு மாதிரி. தலையைச் சரித்து, கண்ணை மூடி, உதட்டை அசைத்துக்கொண்டு நிற்பார். சத்தம் முழுதாகப் போன பிறகுதான் பேனையை எடுப்பார். யாருக்கு என்ன சொன்னார் என்று நான் கேட்டதில்லை.

ஒரு நாள் அவர் என்னையே திருப்பிச் சொல்லச் சொன்னார். மில் முற்றத்தில் நெல்லுக் காயப்போடுகிற பெண்கள், ஓட்டுனர்கள், மூடை தூக்குகிறவர்கள் எல்லாரும் நின்றார்கள்.

“அண்ணை, நாளைக்குக் காலமை ஏழு மணிக்கு விதைநெல் லொறி பளையில இருந்து வெளிக்கிடுது. பின்வாசலாலை எடுக்கோணும். திருப்பிச் சொல்லுங்கோ.”

சசி விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

“டவர்,” என்றேன், “உம்மட கோபுரத்தில ஏறி நிண்டு பறக்கிறவனுக்குச் சொல்லும். இது என்ரை மில். எனக்குத் திருப்பிச் சொல்லு எண்டு சொல்ல இன்னும் ஒருத்தனும் பிறக்கேல்லை.”

அவர் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. பின்னேரம் ஆட்கள் எல்லாரும் வெளிக்கிட்ட பிறகு, கதிரையை இழுத்து எனக்கு முன்னால் போட்டு இருந்தார். மேசையில் மூன்று விரலைத் தட்டினார்.

“அண்ணை, பெரிய ஆக்களட்டைத்தான் கட்டாயம் கேக்கோணும். சின்ன ஆக்கள் பயத்தில எண்டாலும் கவனமாக் கேப்பினம்.”

பிறகு சொன்னார். அவர் அதை ஒரு தரம்தான் சொன்னார். நான் திரும்பக் கேட்கவும் இல்லை.

ரேடியோ என்பது ஒருவர் மட்டும் போகக்கூடிய பாலம் மாதிரியாம். ஒருவர் கதைக்கும்போது மற்றவர் கேட்க வேண்டும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பொத்தானை அமத்தினால் இரண்டு பேருடைய குரலும் அடிபட்டு வெறும் கீச்சுச் சத்தம் வரும். அமத்தினவர்களுக்கு அது கூடக் கேளாது. இரண்டு பேரும் தாங்கள் சொல்லிவிட்டோம் என்று நினைப்பார்கள்.

அந்த விமான நிலையத்தில் ஓடுபாதைப் புல்லு வெட்டுகிற ட்ராக்டர் ஒன்று இருந்ததாம். அதை ஓடினது எங்கள் மட்டக்களப்புப் பக்கத்து ஆள். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் தேத்தண்ணி குடிப்பார்கள். ஒரு நாள் காலையில் அந்த ட்ராக்டர் ஓடுபாதையைக் கடக்கிறது. ஓடுபாதையின் மறு முனைத் தொங்கலில் ஒரு சரக்கு விமானம் ஏறுவதற்கு ஆயத்தமாக நிற்கிறது. டவர் பொத்தானை அமத்தி, “பொறுத்து நில்லுங்கள், பாதையில் ட்ராக்டர் நிற்கிறது,” என்று சொன்னார். அதே நேரத்தில் அந்த விமானி தன் பொத்தானை அமத்தி, “நாங்கள் வெளிக்கிடுகிறோம்,” என்றான். இரண்டும் அடிபட்டுப் போய்விட்டது. அடுத்த நொடி “சரி” என்று ஒரு குரல் வந்தது. அது தொலைவில் வேறொரு விமானம், வேறு எதற்கோ சொன்ன சரி. இவர் அதைச் சரக்கு விமானத்தின் பதில் என்று எடுத்துவிட்டார்.

“எது சரி எண்டு நான் கேக்கேல்லை அண்ணை. கேக்கிறதுதான் முறை. சொன்னதை முழுக்கத் திருப்பிச் சொல்ல வைக்கோணும். அண்டைக்குக் கனக்க விமானம் வந்தது. ஒரு சரியோட விட்டிட்டன்.”

“விமானத்துக்குள்ள இருந்தவங்கள் ஒருத்தரும் யோசிக்கேல்லையோ?”

“ஒருத்தன் யோசிச்சவன். பக்கத்தில இருந்த இளம் விமானி. பிறகு விமானத்தின்ரை கறுப்புப் பெட்டியில இருந்த டேப்பைப் போட்டுக் காட்டிச்சினம். அவன் மெல்லமா, ‘எங்களுக்கு இன்னும்…’ எண்டு தொடங்கி நிப்பாட்டிப் போட்டான். தலைமை விமானி வயசில மூத்தவர், பேர் பெற்றவர். அவரட்டைத் திருப்பிக் கேக்கிறதெண்டா எப்பிடி? உங்கட மெசின்காரன் மாதிரித்தான்.”

விமானம் தப்பிவிட்டது. ட்ராக்டர் ஓடினவர் தப்பவில்லை. விசாரணையில் பிழை விமானியின் தலையில் போனது. டவர் சொன்னது டேப்பில் தெளிவாக இருந்ததாம்.

“டேப்பில நான் குற்றம் இல்லாதவன்,” என்றார். “வடிவாச் சொல்லியிருக்கிறன். ஒரு எழுத்துப் பிழை இல்லை.”

அதைச் சொல்லிவிட்டு இரண்டு மணிக்கூட்டையும் பார்த்தார். எழும்பிப் போனார். நான் அடுத்த நாள் லொறியைப் பின்வாசலால் எடுத்தேன். ஆனால் திருப்பிச் சொல்லவில்லை. கதையைக் கேட்டு எனக்குத் துக்கம் வந்தது உண்மை. அதற்காக எண்பது மாட்டுக்காரன், சம்பளக்காரன் ஒருவனுக்கு முன்னால் பாடம் ஒப்பிப்பதா? அதன் பிறகும் அவர் என்னிடம் கேட்டுக்கொண்டேதான் இருந்தார். நான் “சரி சரி” என்று சொல்லிவிட்டு நடப்பேன். அவர் பின்னால் வந்து, நான் செய்து முடிக்கும்வரை தூரத்தில் நின்று பார்ப்பார். செய்து முடித்ததைக் கண்ட பிறகு கொப்பியில் எழுதுவார். எனக்கு அது ஒரு வெற்றி மாதிரி இருந்தது.

அந்த மாரியில் மூன்று நாள் விடாத மழை. குளம் நிரம்பி, வான்கதவைத் திறந்து தண்ணீரை வெளியே விட வேண்டிய மட்டத்துக்கு வந்துவிட்டது. ஆற்றுக்கு அங்காலே பள்ளக் காட்டில் என் பட்டி. அங்கே வாடி என்று ஒரு சின்னக் கொட்டில் போட்டு, பட்டி பார்க்கிற சின்னராசாவும் மனைவியும் இருந்தார்கள். ஆற்றைக் கடக்க ஒரே ஒரு தாழ்ந்த பாலம். வான்கதவு திறந்தால் அரை மணித்தியாலத்தில் பாலத்துக்கு மேலால் தண்ணீர் போகும். பிறகு பள்ளக் காடும் மெல்ல மெல்லத் தாழும். கதவு அடுத்த நாள் காலைதான் திறபடும் என்று முதலில் சொல்லியிருந்தார்கள்.

எனக்கு அன்றைக்குக் கிளிநொச்சியில் ஒரு விழா. சுயமாக முன்னேறின பெரியோர் என்று ஐந்து பேரைத் தெரிந்தெடுத்துப் பொன்னாடை போர்த்துகிறார்கள். முதல் பெயர் என்னுடையது. மழை என்றாலும் போகாமல் இருப்பேனா? சசியை வாகனம் ஓடச் சொல்லி, பட்டு வேட்டியோடு போனேன்.

மேடையில் இருக்கும்போது, இரண்டு மணி போல், கந்தோர் இலக்கத்தில் இருந்து அழைப்பு வந்தது. டவர்.

“அண்ணை, நேரம் மாத்தியிருக்கினம். இண்டைக்கு நாலு மணிக்கு இரண்டு வான்கதவு திறக்கினம். பட்டியில இருக்கிற ஆக்களை அதுக்கு முதல் இஞ்சால எடுக்கோணும். சின்னராசாவின்ரை போன் எனக்கு வேலை செய்யுதில்லை. திருப்பிச் சொல்லுங்கோ.”

பக்கத்தில் ஒரு பெரிய அதிகாரி இருந்தார். ஒலிவாங்கியில் என் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“சரி சரி. நான் மேடையில நிக்கிறன்.”

“அண்ணை, ஒருக்கா மட்டும்...”

நான் அழைப்பை நிற்பாட்டினேன்.

பொறுப்பில்லாமல் இருந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த இடத்திலேயே, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, சின்னராசாவுக்கு எடுத்தேன். என் அதிர்ஷ்டம், ஒரே தரத்தில் போனது. “முதலாளி, ஆத்துத் தண்ணியின்ரை நிறத்தைப் பாத்திட்டு நாங்கள் விடியவே மாட்டோட இஞ்சால மேட்டுக்கு வந்திட்டம். சுகமில்லாத கண்டுக்குட்டியொண்டு மட்டும் வாடியில நிக்குது. போன் சாகப் போகுது முதலாளி,” என்றான். அதோடு தொடர்பு அறுந்தது.

ஆகவே, இரண்டே கால் மணிக்கு முதலே, எல்லாரும் தப்பிவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அதைத் தெரிய வேண்டிய மற்ற மனிதர் மில் கந்தோரில் இருந்தார். அவருக்கு எடுத்து ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். அப்போது எனக்குத் தோன்றியது இதுதான்: நான் சரி என்று சொல்லிவிட்டேன்தானே. என் சரி போதாதா? தொலைபேசியின் சத்தத்தை நிறுத்திச் சட்டைப் பைக்குள் போட்டேன். பொன்னாடை போர்த்தினார்கள். நல்ல பாரமான பொன்னாடை. ஐந்து பேரில் நான்தான் கூட நேரம் கதைத்தேன்.

அந்த நேரத்தில் அவர் ஏழு தரம் எனக்கு எடுத்திருக்கிறார்.

மில்லில் நெல்லுக் காயப்போடுகிற புஷ்பம் அப்போது கந்தோர்த் தாழ்வாரத்தில் நின்றவள். ஆண்கள் எல்லாரும் குளக்கட்டுக்கு மண்மூடை அடுக்கப் போயிருந்தார்கள். பிறகு அவள் எனக்கு ஒரு சொல்லும் மாறாமல் சொன்னாள். அவள் மறக்க வழியில்லை. அவர் அவளை இரண்டு தரம் திருப்பிச் சொல்ல வைத்திருந்தார்.

“‘அண்ணை சரி எண்டவர். எது சரி எண்டு சொல்லேல்லை. நான் பட்டிக்குப் போறன். மூண்டரைக்கு அங்கை நிப்பன். அண்ணை எடுத்தா நான் போயிட்டன் எண்டு சொல்லும்.’ இவ்வளவுதான் முதலாளி சொன்னவர். நான் சொன்னனான், ஐயா, முதலாளி சரி எண்டா சரிதானே, மழைக்குள்ள ஏன் எண்டு. அவர் என்னை ஒரு மாதிரிப் பாத்திட்டு, ‘ஒரு சரியோட விடேலாது பிள்ளை,’ எண்டிட்டு சைக்கிளை எடுத்தவர்.”

மழைக் கோட்டும் போட்டு, நாலு மைல் சைக்கிள் உழக்கி, அந்த அறுபது வயது மனிதர் பாலத்தைக் கடந்து பட்டிக்குப் போனார். பட்டி வெறுமையாக இருந்தது. ஆனால் வாடி அடுப்பில் பெரிய கட்டை இன்னும் புகைந்தபடி. கொடியில் சின்னராசாவின் மனைவியின் சீலை. கன்றுக்குட்டி கட்டியபடி நிற்கிறது. அதைப் பார்க்கிற யாரும் ஆட்கள் பக்கத்துக் காட்டுக்குள்தான் நிற்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். அவர் கன்றை அவிழ்த்து விட்டிருக்கிறார். பிறகு காட்டுக்குள் இறங்கிக் கூப்பிட்டிருக்கிறார். நேரம் அவருக்குத் தெரியும். உலகத்தில் வேறு எவரையும்விட அவருக்கு நேரம் தெரியும். பதில் வராமல் திரும்ப முடியாத மனிதர்.

மற்றதைச் சின்னராசா சொன்னான். அவன் இந்தக் கரையில், பாலத்தடி தெரியாத ஒரு மேட்டில் மாட்டோடு நின்றிருக்கிறான். கதவு திறந்து, பாலம் மூடி, தண்ணீர் இரைகிற சத்தத்துக்கு மேலால் யாரோ தன் பெயரைக் கூப்பிடுவது கேட்டு ஓடி வந்து பார்த்தால், அங்கால் கரையில் முழங்கால் தண்ணீரில் டவர் நிற்கிறார்.

“நானும் கத்திறன், அவரும் கத்திறார், ஒண்டும் விளங்கேல்லை முதலாளி. பிறகு அவர் கையை உயர்த்தி என்னைப் பொறு எண்டார். தான் பேசாமல் நிண்டார். அப்ப நான் கத்தினன்: ஐயா, எல்லாரும் இஞ்சால, மாடும் இஞ்சால, நீங்கள் வராதேங்கோ, மருதமரத்தில ஏறுங்கோ, நான் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறன்.”

“அவர் என்ன சொன்னவர்?”

“நான் சொன்னதைத்தான் சொன்னவர் முதலாளி. ‘எல்லாரும் அங்கால. மாடும் அங்கால. நான் வரமாட்டன். மரத்தில ஏறுறன். நீர் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறீர்.’ ஒண்டும் விடேல்லை. சொல்லிப்போட்டு என்னைப் பாத்துக்கொண்டு நிண்டவர். எனக்குத் தெரியும் அவர் எதுக்கு நிக்கிறாரெண்டு. ‘கேட்டது சரி ஐயா’ எண்டு கத்தினன். பிறகுதான் மரத்தடிக்குப் போனவர்.”

சொன்னபடியே ஏறியிருக்கிறார். குளக்கட்டுக்கு ஓடி, ஆட்களையும் கயிற்றையும் கொண்டு சின்னராசா திரும்ப ஒரு மணித்தியாலம் ஆகிவிட்டது. தண்ணீர் கரையை அரித்திருந்தது. மருதமரம் நின்ற இடத்தில் மரம் இல்லை.

அடுத்த நாள் இரண்டு மைல் கீழே, பற்றைக்குள் அவரைக் கண்டெடுத்தோம். கையில் இரண்டு மணிக்கூடும் ஓடிக்கொண்டிருந்தன. அவிழ்த்து விட்ட கன்றுக்குட்டி ஒரு புற்றுத் திடலில் நின்று, தண்ணீர் வடிந்த பிறகு தானாக நடந்து வந்தது. இப்போது அது இரண்டு ஈற்றுக் கண்ட பசு.

மரண விசாரணைக்கு வந்தவர் என்னிடம் கேட்டார். “கதவு திறக்கிற விசயத்தை அவர் உங்களுக்கு அறிவிச்சவரோ?”

“ஓம்.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“சரி எண்டு சொன்னனான்.”

எழுதிக்கொண்டார். நான் பட்டிக்கு எடுத்துக் கதைத்ததையும் எழுதினார். உங்களுடைய பக்கத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறது என்றார். தற்செயல் மரணம். கையெழுத்துப் போட்டேன். மூன்றாம் வகுப்பென்றாலும் என் கையெழுத்து வடிவாக இருக்கும்.

சசி இப்போதும் என்னிடம்தான் வேலை செய்கிறான். எந்த வயல் என்று நான் சொன்னால், நான் கேட்காமலே முழுதாகத் திருப்பிச் சொல்கிறான். சொல்லிவிட்டு ஒரு கணம் என் முகத்தைப் பார்த்து நிற்கிறான். அந்த இரண்டு சொல் என் வாயில் வருவதில்லை. “போ,” என்கிறேன்.

பொன்னாடை அலுமாரிக்குள் மடித்தபடி கிடக்கிறது. கந்தோர் தொலைபேசியை நான் மாற்றவில்லை. புதிது வாங்க எனக்கு வசதி இல்லாமல் அல்ல. ஆட்கள் சாப்பாட்டுக்குப் போகிற மத்தியான நேரத்தில் சில நாள் அதில் அன்றைய பதிவை எடுத்துப் போடுவேன். அவருடைய குரல் வரும். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல், நாலு மணி, இரண்டு கதவு, பட்டி ஆட்கள். “திருப்பிச் சொல்லுங்கோ.” பிறகு என்னுடைய “சரி சரி.” பிறகு, “அண்ணை, ஒருக்கா மட்டும்...”

அதோடு பதிவு முடிந்துவிடும். நான் தொலைபேசியைக் காதோடு வைத்தபடி சொல்வேன்: “நாலு மணிக்கு இரண்டு வான்கதவு திறக்கினம். சின்னராசாவும் மனிசியும் விடியவே மாட்டோட இஞ்சால வந்திட்டினம். நீர் போக வேண்டாம். இருந்த இடத்தில இரும்.”

சொல்லிவிட்டுத் தொலைபேசியைக் காதில் இருந்து எடுக்காமல் காத்திருப்பேன். மில் மெசின் ஓடத் தொடங்கினால் எழும்பிப் போவேன்.